இரண்டு வாளி ஜலம்

மோட்டார் வண்டியைக் கழுவுவதைப் பற்றி ஒரு தினசரிப் பத்திரிகை தலையங்கப் பக்கத்தில் எழுத வேண்டுமா என்று நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ராஜ்ய விவகாரங்கள் எத்தனையோ கிடக்க, வாளியையும் கந்தைத் துணியையும் பற்றிப் பேசுவது பத்திரிகையின் கௌரவத்துக்குப் பொருந்துமா என்று கேட்போரும் இருப்பர். பொருந்தும் என்பதே நமது அபிப்பிராயம். ஒரு குடும்பஸ்தர் காலை ஆறு மணிக்குத் தம் வீட்டு வாசலில் என்ன செய்கிறார், பிறரைக் கொண்டு என்ன செய்விக்கிறார் என்பதில் அவர் மேடையில் பேசும் கொள்கைகளில் பாதி வெளிப்பட்டுவிடுகிறது. ஜலம், கூலி, உழைப்பின் மதிப்பு ஆகிய மூன்றும் ஒரு வாளிக்குள் அடங்கியிருப்பதை அண்மையில் நாம் சொந்த அநுபவத்தில் கண்டோம். அந்த அநுபவத்தினால் பிறிதொருவருக்கு நஷ்டமும் உண்டாகிவிட்டது. ஆகவேதான் இதைப் பகிரங்கமாக எழுதத் துணிந்தோம்.

நாம் வசிப்பது சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். நமது வண்டி கருநீல வர்ணமுள்ளது. பல வருஷங்களாக ஒரு பெரியவர் பிரதி தினமும் விடியுமுன்னே வந்து அதை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போவது வழக்கம். அதற்காக மாதந்தோறும் சில நூறு ரூபாய் கொடுத்துவந்தோம். அவரோடு நாம் நின்று பேசியதில்லை. அவர் பெயரைக்கூட விசாரித்ததில்லை. சென்ற கோடையில் ஒரு நாள் நடுப்பகலில், வெயில் நேராக விழும் இடத்தில் வண்டியை நிறுத்த நேர்ந்தது. அப்போதுதான் அதன் முன்மூடியெங்கும் சிலந்தி வலையைப்போல் மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகப் பரவியிருப்பதைக் கண்டோம். ‘டீட்டெய்லிங்’ என்று பலகை மாட்டி வண்டிகளை மெருகேற்றித் தரும் கடையொன்றில் காட்டியபோது, கடைக்காரர் ஒரு நிமிஷம் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தினம் துடைக்கிறார்களா?” என்று கேட்டார். ஆமென்றோம். மெருகேற்ற அவர் கேட்ட தொகை நமது குமாஸ்தாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கு ஏறக்குறைய வந்தது.

மறுநாள் விடியற்காலையில் கீழே இறங்கிப்போய் அந்தப் பெரியவரைக் கடிந்துகொண்டோம். வண்டியைப் பாழாக்கிவிட்டீர் என்றோம். அவர் எதிர்த்துப் பேசவில்லை. நாம் பேசி ஓய்ந்த பிறகு, பக்கத்திலிருந்த வாளியைக் காட்டி, “சார், அஞ்சு வண்டிக்கு ஒரு வாளித் தண்ணிதான் புடிக்கலாம்னு சங்கத்துல சொல்லியிருக்காங்க. துணியும் ஒண்ணுதான். உங்க வண்டி நாலாவது” என்றார். வாளியை எட்டிப் பார்த்தோம். மூன்று வண்டிகளின் புழுதி அதில் கரைந்து, ஜலம் காப்பிக் கஷாயத்தின் நிறத்தில் இருந்தது. அந்த ஜலத்தில் நனைத்த துணியைத்தான் இத்தனை வருஷங்களாக நமது வண்டியின் மேல் தேய்க்கச் செய்து அதற்குக் கூலியும் கொடுத்து வந்திருக்கிறோம். எதிரியின் வாக்குமூலத்தைக் கேளாமல் தண்டனை விதிக்கலாகாது என்று நீதிஸ்தலங்களில் நின்று வாதிப்பதே நமது தொழில். நம் வீட்டு வாசலில் நாம் நடத்திய விசாரணையோ அவ்வாறிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை நாமே கழுவுவதென்றும், அவர் உடனிருந்து பார்க்க வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டோம்.

அதற்குள் விஷயத்தைச் சிறிது படித்தும் அறிந்துகொண்டோம். வண்டியின் உலோகத் தகட்டின்மேல் முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, பிறகு வர்ணம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிந்த மேற்பூச்சு என நான்கு படலங்கள் உண்டு. நான்கும் சேர்ந்து சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பாகம். வண்டிக்குப் பளபளப்பைத் தரும் மேற்பூச்சின் கனம் சுமார் 40 அல்லது 50 மைக்ரான். நேயர்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகைத் தாளைவிட அது மெல்லியது. தெருப் புழுதியிலோ மணலின் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கின்றன. அவை எஃகையே கீறவல்லவை. புழுதி படிந்த வண்டியை அரை ஈரத் துணியால் துடைக்கும்போது, துணி துடைப்பானாக இராமல் உப்புத்தாளாகவே வேலை செய்கிறது. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் விழுகின்றன. ஆனால் சூரியனுடைய பிரதிபிம்பத்தைச் சுற்றியுள்ளவை மட்டும் ஒளியைத் திருப்புவதால் நமது கண்ணுக்கு வட்டங்களாகத் தோன்றுகின்றன. கடையில் மெருகேற்றுவதென்பது இந்தக் கீறல்களை நிரப்புவதன்று. மேற்பூச்சிலேயே சில மைக்ரானைச் சுரண்டி, கீறலின் அடிமட்டத்துக்கு மற்ற இடங்களையும் இறக்குவதுதான் அது. இருப்பதோ காகிதத்தினும் மெல்லிய படலம். அதை எத்தனை தரம் சுரண்ட முடியும்? ஆகவே, வண்டி சுத்தமாக இருக்க வேண்டுமென்று நாம் அநுஷ்டித்துவரும் தினசரித் துடைப்பே வண்டிக்குப் பெரிய சத்துருவாக இருக்கிறது.

நிற்க, ஞாயிற்றுக்கிழமை நாம் செய்தது என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லுகிறோம். செய்து பார்க்க விரும்பும் அன்பர்களுக்குப் பிரயோஜனப்படும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, இயந்திரத்தின் சூடு முழுவதும் ஆறும் வரையில் காத்திருந்தோம். சூடான தகட்டின்மேல் சோப்பு ஜலம் உடனே காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். வாளிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 15 லிட்டர் ஜலம். ஒன்றில் வண்டிக்கென்றே விற்கும் ஷாம்புவைக் கலந்தோம். மற்றொன்றில் வெறும் ஜலம். பாத்திரம் துலக்கும் சோப்பை உபயோகிக்கலாகாது; அது முன்பு பூசிய மெழுகையும் சேர்த்து நீக்கிவிடும். பாத்திரம் துலக்கும் தூளைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். அது தானே ஒரு மணல். சிலர் மண்ணெண்ணெயைத் தொட்டுத் துடைக்கும் வழக்கமும் உண்டு. அப்போதைக்கு மினுமினுப்பாகத் தோன்றினாலும், அது கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டைகளை ஊதச்செய்து கெடுத்துவிடும்.

முதலில் சக்கரங்கள். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கே படிந்திருப்பதால், அவற்றுக்கென்று தனித் துணியும் தனித் தூரிகையும் வேண்டும். அவை வண்டியின் உடலில் படவே கூடாது. பிறகு கூரையிலிருந்து கீழ்நோக்கிக் குவளையால் ஜலம் விட்டுத் தளர்ந்த புழுதியை இறக்கினோம். பறவை எச்சம் இருந்த இடத்தில் நனைந்த துணியைப் பத்து நிமிஷம் போட்டு வைத்து ஊறிய பின்பே எடுத்தோம். அதைச் சுரண்டினால் மேற்பூச்சும் கூட வரும். நாட்கணக்கில் விட்டுவைத்தாலோ அது பூச்சை அரித்துவிடும். அதன் பின்னரே சோப்பு ஜலத்தில் தோய்த்த மைக்ரோபைபர் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, அழுத்தாமல், மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டு வந்தோம். இங்கேதான் இரண்டாவது வாளியின் மகிமை விளங்குகிறது. ஒரு பக்கம் முடிந்தவுடன் உறையை வெறும் ஜலத்தில் அலசி, பிடித்த மண்ணை அங்கே விட்டுவிட்டு, அதன் பிறகே மறுபடி சோப்பு ஜலத்தில் தோய்க்க வேண்டும். ஆகவே சோப்பு வாளி கடைசி வரையில் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கிறது. மண் அதிகம் படியும் கீழ்ப்பாகங்களைக் கடைசியில் தொட வேண்டும். துணியோ உறையோ தரையில் விழுந்துவிட்டால், நன்றாகத் துவைக்கும் வரையில் அதை மறுபடியும் தொடலாகாது.

இன்னும் பத்து லிட்டர் ஜலத்தில் சோப்பு நுரையை இறக்கி, உடனே உலர்ந்த மெத்துணியால் ஒற்றி எடுத்தோம். தானே காயட்டும் என்று விட்டால், சென்னை ஆழ்துளைக் கிணற்று ஜலத்திலுள்ள உப்புகள் வெண்புள்ளிகளாக நின்றுவிடும். இதற்கு ஒரு யுக்தியும் உண்டு. குளிர்சாதன இயந்திரத்தின் குழாயிலிருந்து இரவெல்லாம் சொட்டும் ஜலம், காற்றின் ஈரமே குளிர்ந்து இறங்குவதாகையால், உப்பு அநேகமாக இல்லாதது. நமது மாடங்களிலிருந்து வீணே தரையில் விழுந்துகொண்டிருக்கும் அந்த ஜலத்தை ஒரு வாளியில் பிடித்து வைத்தால், கடைசி அலசலுக்கு அதைவிட மேலானது வேறில்லை.

உட்புறத்துக்கு வருவோம். மிதியடிகளை வெளியே எடுத்துத் தட்டி, மேலிருந்து கீழாகத் தூசியை உறிஞ்சும் கருவியால் எடுக்க வேண்டும். காற்று வரும் சந்துகளுக்கு வர்ணம் அடிக்கும் சிறு தூரிகை போதும். முன்பலகையை ஈரத் துணியால் துடைத்தாலே போதுமானது. எண்ணெய்ப் பசையுள்ள மெருகுத் திரவங்களைப் பூசினால் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்துப் பகலில் கண்ணைக் கூசச் செய்யும். ஓட்டும் சக்கரத்திலும் மிதிகட்டைகளிலும் அவற்றைப் பூசுவது வழுக்கி விபத்துக்கு இடமாகும். முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள பள்ளத்தில் சேரும் இலைச் சருகுகளைக் கையால் அகற்றிவிட வேண்டும். மழை ஜலம் வடியும் துவாரங்கள் அங்கே இருக்கின்றன; அவை அடைபட்டால் ஜலம் வண்டிக்குள்ளே புகும். கண்ணாடி துடைக்கப் பழைய பத்திரிகைத் தாள் நல்லதென்று சொல்லுவார்கள். நமது பத்திரிகையின் பழைய பிரதிகளையும் நேயர்கள் அதற்குத் தாராளமாக உபயோகிக்கலாம். முதலில் படித்துவிட்டு உபயோகிக்க வேண்டுமென்பதே நமது பிரார்த்தனை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு பூசினால் போதும். கார்னாபா மெழுகு என்பது பிரேசில் தேசத்தில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. அது மேற்பூச்சுக்கு மேல் இன்னொரு மெல்லிய படலமாக நின்று வெயிலையும் எச்சத்தையும் முதலில் தான் தாங்கிக்கொள்ளும். பல்லாயிரம் ரூபாய்க்குச் செராமிக் பூச்சு விற்போர், அதன் பிறகு வண்டியைக் கழுவவே வேண்டியதில்லை, கீறலே விழாது என்றெல்லாம் சொல்வதை நம்ப வேண்டாம். அந்தப் பூச்சு நெடுநாள் நிற்பது மெய். அழுக்கு எளிதில் ஒட்டாது என்பதும் மெய். ஆயினும் மணல் துணியால் தேய்த்தால் அதுவும் கீறும்.

இவ்வளவையும் செய்ய நமக்கு முதல் நாள் இரண்டு மணி நேரம் பிடித்தது. பழகிய பிறகு வெளிப்புறத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. செலவான ஜலம் மொத்தம் 40 லிட்டர்.

இந்த 40 லிட்டரைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். தனி வீடுகளில் குடியிருக்கும் நமது நண்பர்கள் பலர் ரப்பர்க் குழாயைத் திறந்துவிட்டு வண்டியைக் கழுவுகிறார்கள். அப்படிப்பட்ட குழாயில் நிமிஷத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் ஜலம் போகும். இருபது நிமிஷம் கழுவினால் 200 லிட்டர். கிராமவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019ஆம் வருஷம் இந்திய சர்க்கார் ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஆகவே, அந்த வீட்டு வாசலில் இருபது நிமிஷத்தில் ஓடிப்போவது ஏறக்குறைய நான்கு கிராமவாசிகளின் ஒரு நாளைய ஜலம். குடிப்பதும் குளிப்பதும் சமைப்பதும் துவைப்பதும் எல்லாம் அதில் அடக்கம்.

சென்னைவாசிகள் 2019ஆம் வருஷத்தை அதற்குள் மறந்துவிட்டார்களோ என்று நாம் ஐயுறுகிறோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலை 12ஆம் தேதியன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் ஜலம் ரயில் மார்க்கமாக வந்து சேர்ந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த அந்த ஜலத்தை மாலையிட்டு வரவேற்றோம். நகரில் ஒரு லட்சம் பேர் ஒரே காலையில் குழாயைத் திறந்து வண்டி கழுவுவதாக வைத்துக்கொண்டால், அதற்கு அப்படிப்பட்ட எட்டு ரயில்கள் வேண்டும்! 2024ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பெங்களூரில் பஞ்சம் வந்தபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அங்குள்ள குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு கட்டி, குடிநீரைக்கொண்டு வண்டி கழுவுவதையும் தடுத்தார்கள். உத்தரவு வந்த பிறகு அடங்குவதைவிட, ஏரி நிறைந்திருக்கும் காலத்திலேயே அளவோடு பழகுவது மேலல்லவா?

கழுவிய ஜலம் எங்கே போகிறது என்பதும் ஒரு கேள்வி. ஜெர்மனியில் பல நகரங்களில் வீதியிலோ வீட்டு முற்றத்திலோ சோப்புப் போட்டு வண்டி கழுவுவதையே தடுத்திருக்கிறார்கள். எண்ணெயும் உலோகத் தூளும் நிலத்தடி ஜலத்தில் கலக்கும் என்பதே காரணம். நமது ஊரில் வாசலில் ஓடும் ஜலம் மழைநீர் வடிகாலில் இறங்கி, எவ்விதச் சுத்திகரிப்பும் இன்றிக் கூவத்தையும் அடையாற்றையும் சேர்கிறது. வாளியில் கழுவுவோருக்கு இங்கேயும் ஒரு சௌகரியம் உண்டு. அழுக்கில் பெரும்பகுதி இரண்டாவது வாளியிலேயே தங்கிவிடுகிறபடியால், அதை எடுத்துச் சென்று குளியலறைச் சாக்கடையில் ஊற்றிவிடலாம். அது கழிவுநீர்க் குழாய் வழியே போகும்.

ஒருபுறம் 200 லிட்டரைக் கொட்டும் குழாய். மறுபுறம் ஐந்து வண்டிக்கு ஒரே வாளி. முன்னது ஜலத்துக்குச் செய்யும் அநியாயம்; பின்னது வண்டிக்கும், அதைத் துடைக்கும் மனிதருக்கும் செய்யும் அநியாயம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது நியாயம்: வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு வாளி.

இங்கே எதிர்த்தரப்பின் வாதங்களைக் கேட்க வேண்டும். “நாங்களே கழுவிக்கொண்டால் துடைக்கிறவன் பிழைப்பு என்னாவது?” என்பது முதல் வாதம். இது கௌரவமான கேள்வி. மழுப்பலாகப் பதில் சொல்லக்கூடாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் பன்னிரண்டு வண்டிகளைத் தினந்தோறும் துடைக்கிறார். வண்டிக்குப் பத்து நிமிஷம். ஆக இரண்டு மணி நேரம். அதே பன்னிரண்டு வண்டிகளை வாரத்துக்கு ஒரு முறை ஒழுங்காகக் கழுவுவதென்று ஏற்பாடு செய்தால், நாளைக்கு இரண்டு வண்டி வீதம் ஆறு நாட்களில் முடியும். வண்டிக்கு ஒரு மணி நேரம். ஆக அதே இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. கூலியில் ஒரு ரூபாய் குறைக்க நியாயமில்லை. வேலை முன்னிலும் நுட்பமானதாகையால் கூட்டவே நியாயமுண்டு. ஜலமோ, வாரத்துக்கு 315 லிட்டர் செலவான இடத்தில் 480 லிட்டர் செலவாகும். அதிகந்தான், மறைக்கவில்லை. பன்னிரண்டு குடும்பங்களுக்கு அது வாரத்தில் ஆளுக்கு 14 லிட்டர்கூட ஆகாது. குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் ஜலமே அந்தக் குறையை நிரப்பிவிடும்.

“அப்படியானால் நாங்கள் ஏன் கையை நனைக்க வேண்டும்? அவரே வாரம் ஒரு முறை கழுவட்டுமே” என்பது இரண்டாவது வாதம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சொந்தக்காரரே கழுவ வேண்டுமென்கிறோம். குனிந்து சக்கரத்தைத் தேய்த்தவருக்கே முதுகுவலி இன்னதென்று தெரியும். ஒரு வாளி போதாது என்பதும் அவருக்கே தெரியும். வேலை இன்னதென்று அறியாத ஒருவர் அதற்கு ஜலம் இவ்வளவு, துணி இவ்வளவு, கூலி இவ்வளவு என்று விதி செய்வது, சட்டத்தைப் படிக்காத நீதிபதி தீர்ப்பெழுதுவதற்குச் சமானம். நமது குடியிருப்புச் சங்கத்தில் ‘ஐந்து வண்டிக்கு ஒரு வாளி’ என்ற தீர்மானம் நிறைவேறியபோது நாமும் கையைத் தூக்கியவர்களில் ஒருவராகவே இருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

“நேரமில்லை” என்பது மூன்றாவது வாதம். மாதத்தில் ஒரு மணி நேரம் இல்லாத மனிதரை நாம் இதுவரையில் சந்தித்ததில்லை.

பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். கட்சிக்கொடி பறக்கும் வெள்ளை வண்டிகள் கிராமங்களுக்குப் போகின்றன. குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் காத்திருக்கும் பெண்மணிகளின் எதிரில் அவை நிற்கின்றன. புழுதி படிந்த வண்டியில் வந்து இறங்கினால் தலைவருக்குக் குறைவு என்று எண்ணி, அந்த ஊர்க் குழாயிலேயே ஜலம் பிடித்துத் தொண்டர்கள் வண்டியைக் கழுவுவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அந்தக் கூட்டத்தில் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி நடந்த பிரசங்கம் மிக நன்றாகவே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களோ பிரசங்கியாரைப் பார்க்காமல், தெருவில் ஓடிக்கொண்டிருந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

இனி, ஆரம்பத்தில் குறிப்பிட்ட நஷ்டத்தைச் சொல்லி முடிக்கிறோம். நாம் கழுவியதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அந்த முறையை ஒரே நாளில் கற்றுக்கொண்டார். சொல்லப்போனால் நமக்கே இரண்டு இடங்களில் கையைத் திருத்தினார். வாளிகளும் உறைகளும் வாங்கிக் கொடுத்தோம். அவர் துடைத்துவந்த பன்னிரண்டு வீட்டாரிடமும் நாமே சென்று வாராந்தர ஏற்பாட்டை எடுத்துச் சொன்னோம். ஐந்து வீட்டார் இசைந்தனர். ஐந்து வீட்டார் பழைய வழக்கமே போதுமென்றனர். மீதி இரண்டு வீட்டார், தினம் வராமலிருக்க அவர் கண்டுபிடித்த தந்திரம் இது என்று எண்ணி, அவரை நிறுத்திவிட்டு வேறோர் ஆளை அமர்த்திக்கொண்டார்கள். நாம் நல்லதென்று செய்த காரியத்தில் அவருக்கு மாத வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு போயிற்று. அந்தத் தொகையை நாமே தருவதாகச் சொன்னபோது, “காசு வேணாம் சார். ரெண்டு வண்டி சொல்லி விடுங்க, போதும்” என்றார்.

ஒரு வீட்டார் மட்டும் திருந்தினால் அதன் நஷ்டம் ஏழையின் தலையில் விடிகிறது. குடியிருப்பு முழுவதும் சேர்ந்து மாறினால் நஷ்டம் யாருக்கும் இல்லை. ஆகவேதான் இதை வீட்டு விஷயமென்று விட்டுவிடாமல் பத்திரிகையில் எழுதுகிறோம். நேயர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். தங்கள் வண்டியைத் தாங்களே ஒரு முறை கழுவிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு, தினந்தோறும் அதைத் துடைத்துவரும் மனிதரை அழைத்து, அவர் பெயர் என்ன, அவருக்குக் கிடைக்கும் ஜலம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கேட்க வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் தினசரித் துடைப்பை நிறுத்தி, கூலியைக் குறையாமல் வாராந்தர முறையை ஏற்படுத்தத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். வண்டி ஆறு நாள் சிறிது புழுதியோடு ஓடுவதனால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.